மேற்படியார்

குருவம்மாள் தோசையைத் திருப்பிப் போட்டால் அது கூரை வரை போய், ஆற அமர ஒரு புரள் புரண்டு, பிறகுதான் இறங்கும். அதற்குள் அவள் அடுத்த கல்லில் மாவை ஊற்றித் தேய்த்துவிடுவாள். நிலவில் எடை ஆறில் ஒரு பங்குதானே. முப்பத்தோரு வருடமாக இப்படித் திருப்பியதில் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தின் கூரை முழுக்க வட்டம் வட்டமாக எண்ணெய்க் கறை.

"தட்டை நீட்டு தாயி, வருது பாரு."

மாணவிகள் தட்டை ஏந்திக்கொண்டு, அண்ணாந்து பார்த்தபடி வரிசையில் நின்றார்கள். சுவரில் காலை அறிவிப்புகள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. இன்றைய காற்றின் அளவு. தண்ணீர் வரும் நேரம். பிறகு கழற்றும் பட்டியல். அதை யாரும் கவனிப்பதில்லை. பழசாய்ப் போன இயந்திரங்களைக் கழற்றி, உதிரிகளாக்கி, மாதக் கடைசிக் கப்பலில் பூமிக்கு அனுப்புவது வழக்கம்.

"இருபத்தெட்டாம் தேதிக் கப்பலில் ஏற்றப்படுபவை: துவைப்பான் இரண்டு. காற்றுவடிப்பான் ஒன்று. குருவம்மாள் ஒன்று."

இறுதியாண்டு மாணவி பர்வீன்தான் முதலில் கத்தினாள். "அடியே, குருவக்காவைக் கழற்றப் போறாங்களாம்டி!"

கூடமே சிரித்தது. "எந்த ஸ்க்ரூவுல ஆரம்பிப்பாங்க?" "அக்கா, வலது கையை மட்டும் எங்களுக்கு விட்டுட்டுப் போங்க, சாம்பாருக்கு ஆகும்." குருவம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பர்வீனின் அறைத் தோழி, அங்கை என்கிற அங்கயற்கண்ணியும் சிரித்தாள். கொஞ்சம் அதிகமாகவே சிரித்தாள். அடுத்த வரி வரும் வரைக்கும்.

"நாலாம் எண் கைத்துணை நீண்ட சேவைக்குப் பின் ஓய்வு பெறுகிறார். அவருக்கு ஆயுள் முழுதும் சன்னல் அறையும் காற்றுப் பங்கும் வழங்கப்படுகின்றன. கல்லூரி வாழ்த்துகிறது."

கழுவு தொட்டிக்குப் பக்கத்தில் நான்கு கையாலும் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த நாலு என்கிற அந்த இயந்திரம் நிமிர்ந்தது. "வாழ்த்துக்கு நன்றி. ஆனால் எனக்கு மூச்சுவிடும் வசதி இல்லை" என்றது.

மறுபடியும் ஒரே சிரிப்பு. அங்கைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அவள் தட்டுக்குக் குறிவைத்து இறங்கிய தோசை தரையில் விழுந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?" என்றாள் பர்வீன்.

"ஒண்ணுமில்லை."

குருவம்மாளின் ஓய்வு ஓலையை எழுதியது அவள்தான்.

நிலவின் வடமுனையில் இருந்த அந்தக் கல்லூரியில் கணிச்சட்டம் ஐந்து வருடப் படிப்பு. முற்பகலில் நிரல் எழுதுவது, பிற்பகலில் சட்டம். முந்தைய காலத்தில் இரண்டையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்தார்களாம். சட்டம் எழுதினவருக்கு அதை நடத்திக் காட்டத் தெரியாது, நிரல் எழுதினவருக்குத் தான் என்ன செய்கிறோம் என்றே தெரியாது. இப்போது பத்திரம் என்பதே செயலோலைதான். மெல்லிய தகட்டில் எழுதி, சம்பந்தப்பட்டவர்கள் 'படித்தேன், சம்மதம்' என்ற இடத்தில் பெருவிரலை வைத்துவிட்டால் போதும். உரிய தேதியில் அதில் எழுதியிருப்பது தானாக நடந்துவிடும். கதவு திறக்க வேண்டுமென்றால் திறக்கும். காற்றை நிறுத்த வேண்டுமென்றால் நிற்கும். யாரும் வந்து எதுவும் செய்ய வேண்டியதில்லை. இறுதியாண்டில் ஒவ்வொருவரும் உண்மையான மனிதர் ஒருவருக்கு உண்மையான செயலோலை ஒன்று எழுதித் தர வேண்டும். அது பிழையில்லாமல் நடந்து முடிந்தால்தான் பட்டம்.

நிலவுக்குக் குடிவந்தும் நம் ஜனங்கள் விடாமல் கொண்டுவந்த ஒன்று உண்டு. ரெக்கார்டு நோட்டு. எல்லாம் தகடாகிவிட்ட பிறகும் ரெக்கார்டு மட்டும் தாளில், கையால்தான் எழுத வேண்டும். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுவதும் அப்படியேதான் தொடர்ந்தது. அங்கை ஐந்து வருடமும் அப்படித்தான் எழுதினாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

குருவம்மாளின் ஓலைக்கும் அவள் சீனியர் ரெக்கார்டைத்தான் எடுத்தாள். போன வருடம் தோட்டக்காரர் ஒருவருக்கும் அவருடைய நீர்ப்பாய்ச்சிக்கும் எழுதிய ஓய்வு ஓலை அதில் இருந்தது. மேலே இயந்திரத்தின் பெயர், அதற்கடுத்து மனிதரின் பெயர். கீழே இரண்டே விதி. 'மேற்படியாருக்கு ஆயுள் முழுதும் அறையும் காற்றுப் பங்கும் வழங்குக. மேற்படியாருடன் பணிபுரிந்த மற்றதைக் கழற்றி உதிரிகளாக அனுப்புக.' மீதிப் பக்கங்களெல்லாம் வழக்கமான வாசகங்கள்.

பெயர்களை மாற்றினாள். அப்போது மனதுக்குள் ஏதோ உறுத்தியது. இயந்திரத்தை மேலே போட்டுவிட்டு, முப்பத்தோரு வருடம் சோறு போட்டவளைக் கீழே போடுவதா? அது மரியாதையில்லை என்று தோன்றியது. குருவம்மாளின் பெயரை முதலில் போட்டாள். நாலுவை அதற்குக் கீழே இறக்கினாள். முழு ஓலையிலும் அவள் சொந்தமாகச் செய்தது அது ஒன்றுதான்.

முதல் வருடத்திலேயே நடத்துகிற பாடம் இது. நிரல் ஆசிரியர் சொல்வார்: "மேற்படி என்பது ஒரு சுட்டுவிரல். மேலே பார்க்கும். கண்ணில் முதலில் படுகிற பெயரைப் பிடித்துக்கொள்ளும்." சட்ட ஆசிரியர் சொல்வார்: "மேற்படியார் யார் என்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதாதே." இரண்டையுமே அங்கை அழகாக எழுதி வைத்திருந்தாள், சீனியர் ரெக்கார்டைப் பார்த்து.

சுட்டுவிரல் மேலே பார்த்தது. விதிக்கு நேர் மேலே இருந்த நாலுதான் முதலில் கண்ணில் பட்டது. ஆகவே அறையும் காற்றும் நாலுவுக்கு. குருவம்மாள் 'மற்றது'.

மனிதரைக் கழற்றக் கூடாது என்று எந்த இயந்திரத்துக்கும் தெரியும். அந்தப் பயமில்லை. ஆனால் ஓலை ஓலைதான். கழற்ற முடியாததை முழுசாகக் கப்பலில் ஏற்றிவிடும். அவளுடைய காற்றுப் பங்கு இருபத்தெட்டாம் தேதியோடு நின்றுவிடும். முப்பத்தோரு வருடம் நிலவில் பழகிய எலும்பு பூமியின் எடையைத் தாங்காது. இறங்கினதும் படுக்கைதான், பிறகு எழுந்திருப்பதில்லை. அப்படிப் போன இரண்டு பேரைக் கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும்.

அங்கை நேரே பேராசிரியர் எபனேசரிடம் ஓடினாள். ஓலையைச் சரிபார்த்தது அவர்.

அவர் தகட்டை வாங்கி, முதல் தடவையாக அதைப் படித்தார். படித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார்.

"பேரை எதுக்கும்மா மாத்துனே?"

"மரியாதைக்காக சார்."

"மரியாதை! நிரலுக்கு என்னம்மா மரியாதை? உள்ளபடி காப்பி அடிச்சிருந்தா ஒரு தொல்லையும் இல்லையே!"

அவள் தலைகுனிந்து நின்றாள்.

"சரி, உக்காரு. ரெண்டு வழி இருக்கு. எழுதினவங்களே மன்றத்துல நின்னு, 'படிக்காம, பாத்து எழுதிட்டேன்'னு ஒத்துக்கலாம். ஓலை அப்பவே செத்துடும். கூடவே உன் பட்டமும் போயிடும். அஞ்சு வருஷம். உன் ஓலையில என் பெருவிரலும் இருக்கு, அதையும் மறந்துடாதே."

"இன்னொரு வழி சார்?"

"படியாமைச் சலுகை."

அது எப்படி வந்தது என்றால், குடியேறிய புதிதில் மன்றம் கறாராக இருந்தது. எவரும் எதையும் முழுக்கப் படிக்காமல் பெருவிரல் வைக்கக் கூடாது என்று உத்தரவு போட்டது. பதினோரு நாள் நிலவே நின்றுபோயிற்று. குளியலறைக் கதவுக்கு முப்பது பக்கம். காப்பிக் குழாய்க்கு நாற்பது. ஜனங்கள் தாகத்தோடும் அவசரத்தோடும் கதவுக்குக் கதவு நின்றார்கள், ஆனால் படிக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் மன்றம் இறங்கிவந்தது. யாரும் படிப்பதில்லை என்பதைச் சட்டம் ஏற்றுக்கொண்டது. படிக்காமல் விரல் வைத்தவர் பத்து நாளுக்குள் வந்து அதைச் சொன்னால், விரலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். யார் எழுதினார்கள், ஏன் இப்படி எழுதினார்கள் என்ற விசாரணையே கிடையாது. முழுக்கப் படித்துவிட்டுச் சம்மதித்தவருக்கு மட்டும் சலுகை இல்லை. தெரிந்தே செய்தவருக்கு என்ன சலுகை?

"அந்த அம்மா 'நான் படிக்கலை'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார் எபனேசர். "அது உண்மையும்கூட. சமையல்காரம்மா எங்க படிச்சிருக்கப் போகுது? விரல் வெச்சு எட்டு நாள்தான் ஆச்சு. நாளைக்கே மனு போடு. நீயே வாதாடு. அந்த ஓலைக்குப் பதிலா, இதையே உன் இறுதி வாதமாவும் கணக்கு வெச்சுக்கலாம்."

அங்கைக்கு மூச்சு வந்தது. அப்படி வந்ததை நினைத்து உடனே வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் வந்தது வந்ததுதான்.

மதியச் சமையல் முடிந்து, குருவம்மாள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நாலு தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

"அக்கா, அந்த ஓலை..."

"தெரியும் தாயி. கப்பல்ல ஏத்தச் சொல்லியிருக்கு."

"அது தப்பா எழுதிட்டாங்கக்கா." எழுதிட்டாங்க என்றாள். எழுதிட்டேன் என்று நாக்கு வரவில்லை. "நாளைக்கு மன்றத்துல வந்து, 'நான் படிக்காம விரல் வெச்சுட்டேன்'னு சொல்லிடுங்க. எல்லாம் சரியாயிடும்."

குருவம்மாள் கீரையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"நான் படிச்சேனே."

"என்னது?"

"படிச்சேன். பத்தொம்பது பக்கம். நாலு நாள் ஆச்சு. மதியம் மதியமா உக்காந்து எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிச்சேன்."

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

"ஊருல பள்ளிக்கூடம் போனவளில்லை. இங்க வந்துதான். நீங்கள்லாம் வருஷக் கடைசியில ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டுட்டுப் போவீங்கள்ல? வடை எண்ணெய் ஒத்த எடுத்து வெப்பேன். ஒவ்வொரு எழுத்தா நாலுகிட்டக் கேட்டுக் கேட்டுக் கத்துக்கிட்டேன். ஏழு வருஷமாச்சு." அவள் குரல் தாழ்ந்தது. "எல்லா நோட்டுலயும் ஒண்ணையேதான் எழுதியிருக்கீங்க. எனக்கும் அது தோதாப் போச்சு. ஒண்ணுல புரியாததை இன்னொண்ணுல பாத்துக்குவேன்."

அங்கை தரையைப் பார்த்தாள்.

"அப்ப... ஓலையில தப்பு இருக்குன்னு உங்களுக்குத் தெரியலையாக்கா?"

"தெரியாம என்ன? மேற்படியாருன்னா நாலுன்னு வந்துச்சு. மத்ததுன்னா நான்னு வந்துச்சு. கழற்றின்னு வேற இருந்துச்சு. திரும்பத் திரும்பப் பாத்தேன். அப்படித்தான் வந்துச்சு."

"அப்புறம் ஏன் விரல் வெச்சீங்க?"

"படிச்ச புள்ள எழுதினதாச்சே." அவள் அதை ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள். "எனக்குத்தான் அர்த்தம் புரியலை போலன்னு நினைச்சேன். சட்டத்துல கழற்றுறதுன்னா வேற ஏதாச்சும் நல்லதா இருக்கும், விடுதலை பண்ற மாதிரின்னு வெச்சுக்கிட்டேன். படிச்சவங்க நாலு பேரு சரின்னு விரல் வெச்சிருக்காங்க. நான் போயி தப்புன்னு சொன்னாச் சிரிக்க மாட்டாங்களா? அதுவுமில்லாம, என் பேரை முன்னாடி போட்டிருந்தே தாயி. எந்த ரெக்கார்டுலயும் அப்படி இல்லை. மிஷின் பேருதான் முன்னாடி இருக்கும். எனக்கு அதைப் பாத்ததும் சந்தோஷமாப் போச்சு" என்றாள்.

அங்கை அந்த இடத்திலேயே சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தாள். ராஜபாளையத்தில் அவள் அம்மா தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள், எம்மக வக்கீலுக்கும் படிக்குது, கம்ப்யூட்டருக்கும் படிக்குது, ரெண்டும் ஒரே பட்டம் என்று. வாரா வாரம் பேசும்போது அதே பேச்சுதான்.

"அக்கா, படிச்சேன்னு சொன்னா சட்டப்படி உங்களைக் காப்பாத்த முடியாது. படிக்கலைன்னுதான் சொல்லணும்."

"எழுதினவங்க தப்புன்னு சொன்னா?"

அவளுக்கு அதுவும் தெரிந்திருந்தது. ரெக்கார்டுகளில் இருந்திருக்கும்.

"சொன்னா... எழுதினவங்க பட்டம் போயிடும்."

குருவம்மாள் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கீரையை மறுபடியும் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"அப்ப அது வேணாம். நான் படிக்கலைன்னே சொல்லிடுறேன். இத்தனை வருஷம் அப்படித்தானே நினைச்சீங்க எல்லாரும். புதுசா என்ன?"

மன்றம் கல்லூரியின் மூன்றாம் தளத்தில் இருந்தது. நடுவர் என்று தனியாக ஆள் கிடையாது. சுவரே கேட்கும், சுவரே பேசும். வகுப்பு முழுவதும் வந்து உட்கார்ந்திருந்தது. எபனேசர் முதல் வரிசையில். குருவம்மாள் சலவை செய்த சேலையில், தன் பங்குக் காற்று வரும் குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு, கூண்டில் நின்றாள். நாலுவையும் கட்சிக்காரர் என்று அழைத்திருந்தார்கள். அது ஓரமாக நின்றது.

அங்கை நன்றாக வாதாடினாள். சலுகையின் வரலாற்றைச் சொன்னாள். பதினோரு நாள் கதையைச் சொன்னாள். குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை.

"குருவம்மாள் அவர்களே" என்றது மன்றம். "நீங்கள் இந்த ஓலையைப் படித்தீர்களா?"

குருவம்மாள் அங்கையைப் பார்த்தாள். அங்கை தன் செருப்பைப் பார்த்தாள்.

"இல்லீங்க."

"ஓலை உங்கள் கையில் நான்கு நாள் திறந்திருந்ததாகப் பதிவு சொல்கிறது. பத்தொன்பது பக்கங்களும் திரும்பியிருக்கின்றன."

இதற்கு அங்கை அவளைத் தயார் செய்யவில்லை. எபனேசர் இருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

"அது மேல கறிவேப்பிலை காய வெச்சிருந்தேங்க" என்றாள் குருவம்மாள். "தட்டு மாதிரி வசதியா இருந்துச்சு. காத்துல பக்கம் திரும்பியிருக்கும்."

கூடம் கொல்லென்று சிரித்தது. பர்வீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எபனேசர் தொடையைத் தட்டிச் சிரித்தார். அங்கைக்குக் காது இரண்டும் எரிந்தன.

"உங்களுக்குப் படிக்கத் தெரியுமா?"

நாலு ஒரு அடி முன்னால் வந்தது. "மன்றம் அனுமதித்தால் நான்..."

"நீ சும்மா இரு" என்றாள் குருவம்மாள் அதைப் பார்த்து. பிறகு சுவரிடம் சொன்னாள். "தெரியாதுங்க."

தமிழில் அந்தச் சொல்லுக்கு இவ்வளவு எடை உண்டு என்று அங்கைக்கு அதுவரை தெரியாது. அதுவும் நிலவில்.

"ஓலையை எழுதியவர் சொல்ல வேண்டியது ஏதேனும் உண்டா?"

அங்கை எழுந்தாள். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கின் நுனியில் இருந்தது. சின்ன வாக்கியம்தான். பார்த்து எழுதினேன், படிக்கவில்லை. அதைச் சொல்லி முடிக்க மூன்று வினாடி போதும். வகுப்பு முழுவதும் அவளைப் பார்த்தது. கூண்டில் நின்ற குருவம்மாள் மட்டும் பார்க்கவில்லை. அவளுக்குச் சங்கடம் வரக் கூடாது என்று வேண்டுமென்றே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லை" என்றாள் அங்கை.

மன்றம் தீர்ப்பைப் படித்தது. மனுதாரர் படிக்காதவர் என்பதால் மன்றம் இரங்குகிறது. அவர் வைத்த விரல் திருப்பித் தரப்படுகிறது. ஓலை செல்லாது. சன்னல் அறையும் காற்றுப் பங்கும் ஆயுள் முழுதும் குருவம்மாளுக்கே. எல்லாரும் கை தட்டினார்கள். குருவம்மாள் சுவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"மேலும்" என்றது மன்றம்.

கை தட்டல் நின்றது.

"படிக்கத் தெரியாத ஒருவர் இனியும் இப்படி ஏமாறக் கூடாது. ஆகவே குருவம்மாள் இனி எந்த ஓலையிலும் தாமாக விரல் வைக்கக் கூடாது. அவருக்காகப் படித்துப் பார்த்து, அவருக்காகச் சம்மதிக்க, படித்தவர் ஒருவரை ஆயுள் முழுதும் காப்பாளராக மன்றம் நியமிக்கிறது. இந்த வாதத்தின் மூலம் இன்று கணிச்சட்டப் பட்டத்துக்குத் தகுதி பெற்றிருக்கும் அங்கயற்கண்ணியே அந்தப் பொறுப்புக்கு ஏற்றவர்."

இந்தத் தடவை கை தட்டல் இன்னும் பலமாக இருந்தது. குருவம்மாள் கைகளைக் கீழே இறக்கினாள். என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. கூடத்தில் வேறு யாருக்கும் புரிந்ததாகத் தெரியவில்லை. அறைச் சாவி, மருந்துச் சீட்டு, தன் காற்று, எல்லாவற்றுக்கும் இனி அவள் இன்னொருவர் விரலுக்குக் காத்திருக்க வேண்டும்.

நியமன ஓலை அங்கையின் கைக்கு வந்தது. அவள் கூண்டருகே போய்க் குருவம்மாளுக்குப் பக்கத்தில் நின்றாள். தகட்டின் மூலையில் இருபத்திரண்டு பக்கம் என்று இருந்தது. முதல் வரிசையிலிருந்து எபனேசர், "வை, வை, சட்டுன்னு வை" என்று கையைக் காட்டினார். பர்வீன் இரண்டு கட்டை விரலையும் உயர்த்தினாள். எல்லாரும் சாப்பாட்டுக்கு எழுந்திருக்கத் தயாராக இருந்தார்கள்.

அங்கை பெருவிரலை வைத்தாள்.

"படித்தீர்களா?" என்றது மன்றம்.

"படித்தேன்."

"மன்றம் மகிழ்கிறது."

கூடம் கலைந்து எழுந்த சத்தத்தில், குருவம்மாள் மெல்ல எட்டி அவள் கையிலிருந்த தகட்டைப் பார்த்தாள். எழுத்துக் கூட்டுகிறவர்களுக்கு அசைவது போல அவள் உதடுகள் அசைந்தன. பிறகு, அங்கைக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கோபமே இல்லாமல் சொன்னாள்.

"தாயி, இன்னும் முதல் பக்கத்தையே நீ திருப்பலையே."